இழையைத் தொட்டுச் சொல்லுங்கள்



ஆரணியில் தறி வீட்டில் பிறந்த எனக்கு முதல் பயம் பேயால் வரவில்லை. ஒரு குழியால் வந்தது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்கென்று தரையில் வெட்டியிருக்கும் குழிதான் அது. பகல் முழுக்க அப்பாவின் கால்கள் அதற்குள் ஏறி இறங்கும். ராத்திரி தறி ஓய்ந்த பிறகு அதே குழி கறுத்துக் கிடக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால் அதன் ஓரமாகத்தான் போக வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். பட்டு நூல் துணுக்கும் அப்பாவின் பீடித் துண்டும் தவிர அதில் எதையும் நான் கண்டதில்லை. ஆனாலும் அந்த ஐந்து வயதில், ராத்திரிக்கு ராத்திரி, நானே எதை எதையோ கொண்டுபோய் அந்தக் குழியில் இறக்கிவைத்தேன்.

போன அமாவாசை இரவு அந்தக் குழி மறுபடி நினைவுக்கு வந்தது.

பேய்ப்படங்களைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடிதங்கள் வந்தன, மகிழ்ச்சி. ஆனால் பலவற்றில் ஒரே சொல்தான் இருந்தது. ‘அருமை’, ‘சுமார்’, ‘மொக்கை’. எழுதியவர் என்ன பார்த்தார், எங்கே திடுக்கிட்டார், எங்கே கொட்டாவி விட்டார் என்று அந்தச் சொல்லிலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. சரி, எல்லோரும் சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுவோம் என்று தோன்றியது. அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில், பாவு ஏற்றிய தறிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி, சுமார் இருபது பேர் ‘பீட்சா’ பார்த்தோம்.

2012 அக்டோபரில் வெளிவந்த படம். கார்த்திக் சுப்புராஜுக்கு அது முதல் படம். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்காகக் குறும்படங்கள் எடுத்து வந்தவர் அவர். தயாரித்தவர் சி.வி.குமார். அதே ஆண்டில் ‘அட்டகத்தி’யையும் தயாரித்தவர். கதாநாயகனாக நடித்த விஜய் சேதுபதியை அப்போது அதிகம் பேருக்குத் தெரியாது. பெரிய நட்சத்திரம் கிடையாது, வெளிநாட்டுப் பாட்டு கிடையாது, அரண்மனை செட் கிடையாது. ஒரு பீட்சாக் கடை, ஒரு சின்ன வீடு, ஒரு பங்களா. பங்களாவில் மின்சாரம் போய்விடுகிறது. பிறகு நெடுநேரத்துக்கு ஒருவன் கையில் ஒரு டார்ச் விளக்கு. அதன் வட்டம் விழுகிற இடம் மட்டும் படம், மற்றதெல்லாம் இருட்டு.

அந்த இருட்டில்தான் சிறு முதலீட்டுப் படத்தின் சூட்சுமம் இருக்கிறது. சண்டைப் படத்தில் பணம் குறைந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். ராஜா காலத்துப் படத்தில் இன்னும் சீக்கிரம் தெரியும். பேய்ப்படத்தில் மட்டும், காட்டாமல் விட்ட இடத்தைப் பார்க்கிறவர் தன் கைக்காசைப் போட்டு நிரப்பிவிடுகிறார். தறிக்குழியை நான் நிரப்பியதுபோல. இயக்குநர் இருட்டைத் தருகிறார். அதில் குடியிருக்கிறவர்களை நாம் கொண்டுவருகிறோம். ஆகவே ஒரு சின்ன பேய்ப்படத்தைப் பற்றிப் பார்வையாளர் சொல்லும் கருத்து வெளியில் நின்று சொல்லும் கருத்து ஆகாது. அந்தப் படத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் பேசியவர், ஐம்பது வருடமாகத் தறியில் உட்காரும் அந்த வீட்டுப் பெரியப்பா. “நான் கண்ணால பார்த்ததைவிடக் காதால பார்த்ததுதான் அதிகம்பா” என்றார். “சத்தம் வரும்போது எனக்குப் பயம் இல்ல. சத்தம் நின்னுச்சு பாரு, அங்கதான் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.”

எங்கள் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதை யாரும் கேட்பதில்லை. அடுத்த வீட்டுத் தறி வேளை கெட்ட வேளையில் சட்டென்று நின்றால்தான் தலை நிமிரும். இழை அறுந்ததா, ஆளுக்கு ஏதாவது ஆனதா? சத்தத்தை எங்கே நிறுத்துவது என்று யோசித்து இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். அவர் அறிமுகமானதும் அதே 2012இல்தான். பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அந்த இசையமைப்பாளர் செய்த வேலை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார்.

பெரியப்பாவே தொடர்ந்தார். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யை இழுத்தார். ஸ்ரீதர் இயக்கி 1963இல் வந்த படம். பாழடைந்த ஜமீன் மாளிகை, முற்பிறப்பு, முதுமை முற்றிய ஜமீன்தாராக நம்பியார். அந்த மாளிகையின் நிழல்களை ஒளிப்பதிவு செய்தவர் ஏ.வின்சென்ட். மறு வருடமே அவர் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ மூலம் இயக்குநரானார். வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய கதை. அதிலும் ஆளில்லாத ஒரு வீடு, அங்கே குடிவரும் ஓர் எழுத்தாளர், வீட்டை விட்டுப் போகாத ஒரு பெண். ஆங்கிலத்தில் ‘கோதிக்’ என்று ஒரு வகை சொல்வார்கள். 1764இல் ஹோரஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற நாவலிலிருந்து அதற்குக் கணக்கு வைப்பார்கள். பழைய கட்டடம், அதில் நடந்த பழைய பாவம், இன்று அங்கே காலடி எடுத்துவைக்கும் ஆள்: அதன் சட்டகம் இவ்வளவுதான். நமக்கு ‘பாழடைந்த பங்களா’ என்று சொன்னால் போதும். மீதியை நாமே சொல்லிவிடுவோம்.

அடுத்துப் பேசியவர் தார் சுற்றும் அக்கா ஒருவர். படம் முழுக்கத் தூணில் சாய்ந்து, முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே பார்த்தவர். “அந்தப் பையனுக்கு முதல்ல பேய் மேல நம்பிக்கையே இல்ல. பேய்க்கதை படிக்கிறதெல்லாம் அந்தப் பொண்ணுதான். நம்பாதவன் நடுங்கினதாலதான் எனக்கு நடுக்கம் வந்துது. நம்பறவ நடுங்கியிருந்தா, அவளுக்கென்ன, எப்பவும் அப்படித்தான்னு விட்டிருப்பேன்” என்றார்.

திரைக்கதை வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சொல்லித்தர வேண்டிய பாடம் இது. யாரை முதலில் பயமுறுத்துவது என்பதில் இருக்கிறது பாதி வேலை. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. யோசனை மட்டும்தான் செலவு.

பணமில்லாமல் பயம் காட்டும் வித்தை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. செய்யாற்றுப் பக்கம் புரிசை என்றால் தெருக்கூத்து நினைவுக்கு வராதவர் நம் மாவட்டத்தில் உண்டா? புரிசை கண்ணப்பத் தம்பிரான் பெயர் கடல் கடந்தும் போனது. கூத்தில் ஒரு முக்கியமான வேடம் எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்குப் பின்னால் சலங்கை அதிரும். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே கால்கள் மட்டும் தெரியும். முகவீணையும் மத்தளமும் ஏறிக்கொண்டே போகும். திரையை விலக்க மாட்டார்கள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும். துரியோதனன் முழுசாக வெளியே வரும்போது வருகிற பயத்தைவிட, வருவதற்கு முன்னால் அந்த நாலு முழத் துணி தருகிற பயம் பெரிது. கார்த்திக் சுப்புராஜின் டார்ச் வட்டமும் அந்தத் துணி செய்கிற வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாவது கருத்து கோபத்தோடு வந்தது. பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன், “ஏமாத்திட்டாங்க” என்றான். படத்தைப் பார்த்தவர்களுக்கு அவன் எந்த இடத்தைச் சொல்கிறான் என்று தெரியும். பார்க்காதவர்களுக்காக அதை இங்கே எழுத மாட்டேன். படம் வந்து இத்தனை வருடமாகியும் எழுத மாட்டேன். 2012இல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் “போய்ப் பாரு, ஆனா முடிவைக் கேக்காதே” என்று அடுத்தவரிடம் சொன்னார்கள். பெரிய விளம்பரம் இல்லாத படத்தை அந்த வாய்ச்சொல்தான் தாங்கியது. பிறகு அந்தப் படம் கன்னடம், வங்காளம், இந்தி என்று போனது. அந்தப் பார்வையாளர்கள் காத்த நம்பிக்கையை நானும் காக்க வேண்டும்.

தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டேன். “எந்த இடத்தில் ஏமாற்றினார்கள்? இடத்தைச் சொல்.” அவனால் சொல்ல முடியவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மாலை வீட்டு வாசலில் வந்து நின்றான். தனியாக உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறான். “ஏமாத்தலண்ணே. முன்னாடியே சொல்லிட்டுத்தான் வர்றாங்க. நான்தான் பேய் எப்ப வரும்னு பார்த்துக்கிட்டு இருந்ததுல அதைக் கேக்கல” என்றான்.

வாசகர்களே, ஒரு கருத்து மாறுவதை நேரில் பார்ப்பது எவ்வளவு அழகு! அவன் தோற்றுப்போய் வரவில்லை. ஒரு படத்தை முழுசாகப் பார்த்துவிட்ட நிறைவோடு வந்தான்.

சில படங்களுக்கு அந்த மறுநாள் வருவதற்குப் பல வருடங்கள் ஆகும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் விளக்கப் படம் எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஹெர்க் ஹார்வி என்பவர் வேலை பார்த்தார். ஒருமுறை காரில் ஊர் திரும்பும் வழியில், சால்ட் லேக் நகரத்துக்கு அருகே உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் என்ற கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். பொழுது சாயும் நேரம். அந்தக் கட்டடம் அவர் மனதை விடவில்லை. ஊருக்கு வந்து உடன் வேலை பார்த்த ஜான் கிளிஃபோர்டைக் கதை எழுதச் சொன்னார். விடுப்பு எடுத்து, மூன்றே வாரங்களில், சுமார் 33,000 டாலரில் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். கதாநாயகியைத் தொடர்ந்து வரும் வெளுத்த முகமும் அவருடையதே. 1962இல் வெளியானபோது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஹார்வி அதன்பிறகு இன்னொரு கதைப்படம் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் தொலைக்காட்சியில் நள்ளிரவு வேளைகளில் ஓடியது. தூக்கம் வராதவர்கள் பார்த்தார்கள். மறக்க முடியாமல் பிறரிடம் சொன்னார்கள். 1989இல் அது மறுபடி திரையரங்குக்கு வந்தது. இன்று பேய்ப்பட வரலாறு எழுதுகிறவர் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. எடுத்தவர் ஒருவர்தான். காப்பாற்றியவர்கள், பெயர் தெரியாத பார்வையாளர்கள்.

சால்டேர் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நமது பூசிமலைக்குப்பம்தான் என் கண்முன் வரும். ஆரணியை அடுத்து, காட்டோரமாக, ஆரணி ஜாகீர்தார்கள் கட்டிய மாளிகை சிதைந்து நிற்கிறது. கண்ணாடி மாளிகை என்று ஊரார் சொல்வார்கள். ஆங்கிலேயப் பெண் ஒருத்திக்காகக் கட்டியது என்று ஒரு கதையும் உலவுகிறது. வளைவுகளுக்குள் மரத்தின் வேர் இறங்கியிருக்கிறது. கூரை போன இடத்தில் வானம் தெரிகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர் ஒரு நாள் அந்த வழியாகப் பொழுது சாயும் நேரத்தில் போவார். கையில் ஒரு சின்ன கேமரா இருக்கும். அவர் எடுத்துவரும் முதல் படத்தில் குறைகள் இருக்கும். அப்போது அவரிடம் ஒரே சொல்லில் நாம் என்ன சொல்லி அனுப்பப்போகிறோம் என்பதுதான் என் கவலை.

நான்காவது கருத்துக்கு வருகிறேன். அதுதான் அன்றைக்கு எல்லோரையும் அமைதியாக்கியது. மூலையில் பாயில் சாய்ந்திருந்த ஆயா ஒருவர் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா எனக்கு மனசு ரொம்பல. பேய்னா அது ஒரு நியாயம் கேட்டு வரணும். நியாயம் கேக்காத பேய் இன்னா பேயி? நீலி வந்தா, நியாயம் கேட்டுதானே வந்தா?”

கூடத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு நீலி கதை தெரியவில்லை. ஆயாவே சொன்னார். அரக்கோணத்துக்குப் பக்கத்தில், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர். மனைவியைக் கொன்ற வணிகன் ஒருவன். கொலையுண்டவள் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழைய மனைவியின் உருவில் ஊர்ச்சபைக்கு வந்து நின்றாள். என்னோடு இருக்கச் சொல்லுங்கள் என்று அழுதாள். அவன், இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று கதறினான். சபையிலிருந்த எழுபது வேளாளர்கள் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்கும் கொடுத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு இருக்கும் அளவுக்குப் பழைய கதை இது.

ஆயா சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். படத்தைப் பற்றி அவர் சொன்னது நேர்மையான குறை. ‘பீட்சா’ நம்மைத் திகைக்கவைப்பதில் காட்டும் அக்கறையை, வீட்டுக்குள் அலையும் அந்த உயிரின் துயரத்தில் காட்டுவதில்லை. 2009இல் அறிவழகன் எடுத்த ‘ஈரம்’ அந்தத் துயரத்திலிருந்துதான் தொடங்குகிறது. சந்தேகத்துக்குப் பலியான ஒரு மனைவி தண்ணீராக வந்து கணக்குக் கேட்கிறாள். 2015இல் அஸ்வின் சரவணன் எடுத்த ‘மாயா’வின் நடுவிலும் ஒரு தாயின் துயரம் இருக்கிறது. ஆயாவை அந்தப் படங்களுக்கு முன்னால் உட்காரவைத்தால் மனசு நிறைந்துவிடும் என்று நினைக்கிறேன். ஒரு பேய்ப்படத்திலிருந்து தான் எதை எதிர்பார்க்கிறார், அது எங்கே கிடைக்கவில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். எடுத்தவர் கேட்டால் அடுத்த படத்துக்கு உதவும்.

ஆனால் அந்தக் கதை எனக்குச் சொன்னது இன்னொன்றும் உண்டு. பழையனூரார் தவறான தீர்ப்பைத்தான் சொன்னார்கள். ஆயினும் இத்தனை நூற்றாண்டாக அவர்களை யாரும் பழிக்கவில்லை, போற்றுகிறார்கள். சொன்ன சொல்லுக்கு அவர்கள் பொறுப்பேற்றார்கள். நம் கருத்து தவறாகலாம், நாளைக்கு மாறலாம். அதை நம் சொல் என்று ஏற்றுக்கொண்டு, ஏன் சொன்னோம் என்று கேட்டால் இடத்தைக் காட்டத் தெரிந்திருந்தால் போதும். ஒரு படத்துக்காக யாரும் உயிரைக் கொடுக்க வேண்டாம். இரண்டு நிமிட யோசனையைக் கொடுக்கலாம்.

அதை நாம் தினமும் செய்கிறோமே. நெய்து முடித்த சேலை தறியிலிருந்து அறுத்துப் போனால் என்ன நடக்கிறது? எடை போடுகிறார்கள். மடி பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார்கள். உடலும் கரையும் சேரும் கோர்வையில் விரலை ஓட்டுகிறார்கள். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்க்கிறார்கள். பிறகு, “இங்க ஒரு இழை விட்டிருக்கு, பாரு” என்று தொட்டுக் காட்டுகிறார்கள். அப்படித் தொட்டுக் காட்டிய குறையை எந்த நெசவாளியும் மறுத்ததில்லை. மனம் சுருங்கினாலும் அடுத்த பாவில் அவர் கை அந்த இடத்தில் கூடுதல் கவனமாகப் போகும். “சேலை சரியில்ல” என்று தூக்கிப் போட்டால் அவருக்கு என்ன கிடைக்கும்? பல நாள் உட்கார்ந்த உழைப்பு. கிடைத்தது ஒரு சொல், அதுவும் காரணமில்லாத சொல்.

கோடி கோடியாகப் பணம் போட்ட படத்துக்கு நம் ஒரு வார்த்தையால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சுவரொட்டி ஒட்டக் காசில்லாமல் வருகிற படத்துக்கு நம் வார்த்தைதான் சுவரொட்டி. பாராட்டினாலும் இழையைத் தொட்டுப் பாராட்டுவோம். குறை சொன்னாலும் இழையைத் தொட்டுச் சொல்வோம்.

ஆகவே, இந்த மாதம் மறுபடி கேட்கிறேன். நீங்கள் பார்த்த ஒரு சின்ன பேய்ப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் உங்கள் கை பக்கத்தில் இருந்தவரைத் தேடியது? அங்கே திரையில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் இருந்தது? இல்லாத இடத்தில் நீங்கள் எதைக் கொண்டுபோய் வைத்தீர்கள்? நாலு வரி போதும். உங்கள் வீட்டு ஆயா சொல்வதையும் கேட்டு எழுதுங்கள். முடிவை மட்டும் எழுதாதீர்கள். அது அடுத்துப் பார்க்கப்போகிறவருக்குச் சொந்தம்.

அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலையில் பெரியப்பாவின் வீட்டு வழியாகப் போனேன். வேட்டித் திரையைக் கழற்றிய கூடத்தில் தறி தயாராக இருந்தது. அவர் குழிக்குள் காலை இறக்கி, அறுந்திருந்த ஓர் இழையைத் தேடி, இரண்டு விரலால் பிடித்து முடிச்சுப் போட்டார். பிறகு நாடா ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைத் தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அன்புடன்,
ஆசிரியர்